கோலம் போடாத வாசல்

எங்கள் வீட்டு வாசலில் இப்போது ஒரு இரும்பு கேட் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு கிரில், கிரிலுக்குப் பின்னால் மரக்கதவு. மரக்கதவில் பழைய பூட்டு ஒன்று, புதிய பூட்டு ஒன்று. தலைக்கு மேலே ஒரு கேமரா. ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்குவதற்கு நான் ஜெயில் வார்டர் மாதிரி சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு நடந்து வர வேண்டும். கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "மெதுவா வாம்மா, நான் எங்க ஓடிடப் போறேன்" என்று சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இந்த இரும்பெல்லாம் வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு காவல்தான் இருந்தது. அது எதிர்வீட்டு அக்கா.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. உறவும் கிடையாது. நாங்கள் வேறு, அவர்கள் வேறு. ஆரணியில் நெசவுக்காரர்கள் நிறைந்த ஒரு தெருவில், எதிரும் புதிருமாக எங்கள் இரண்டு வீடுகளும் இருந்தன. என் வாசலில் நின்று பேசினால் அவள் தறியில் உட்கார்ந்தபடியே பதில் சொல்வாள், அவ்வளவு குறுகலான தெரு. கணவர் காலமான பிறகும் அவள் தறியை விடவில்லை. ஒரே மகள், செய்யாறில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். மகளை அனுப்பிவிட்டு, வாசல் தெளித்து, கோலம் போட்டுவிட்டு அக்கா தறியில் இறங்குவாள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் அடுப்புப் பற்ற வைப்பேன்.

என் கணவர் சேவூர்ப் பக்கமும் எங்கள் தெருவிலும் நெசவாளர்களிடம் புடவை வாங்கிச் சென்னைக் கடைகளுக்கு அனுப்புகிறவர். ஆகவே எங்கள் பீரோவில் எந்நேரமும் பத்துப் புடவையாவது இருக்கும். அப்படிப்பட்ட வீட்டை விட்டுவிட்டு வெளியூர் போகும்போதெல்லாம் நாங்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான்: சாவியை அக்காவின் கையில் கொடுத்தோம். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான். சாவியைக் கொடுப்பது என்றால் சாவியை மட்டும் கொடுப்பது இல்லை. சாயங்காலம் முன்னறையில் விளக்குப் போட வேண்டும், துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, விடிந்ததும் அவர்கள் வாசலையும் தெளித்துக் கோலம் போட வேண்டும்.

"லைட்ட பாத்துலாம் எவனும் ஏமாற மாட்டான்டி. வாசல்ல கோலம் இருந்தாத்தான் வூட்ல ஆளு இருக்குதுன்னு அர்த்தம்" என்பாள் அக்கா.

அவள் கோலம் மெல்லிசாக, நூல் பிடித்த மாதிரி இருக்கும். என்னுடையது கொஞ்சம் தடிமன். "இன்னாடி இது, கோலம் போட்டியா, கொசுவர்த்தி கொளுத்தி வச்சியா?" என்று எதிர்வாசலில் இருந்தபடியே தெருவுக்கே கேட்கிற மாதிரி கேலி செய்வாள். நானும் விட மாட்டேன். "உன் கோலத்தப் பாக்கணும்னா கண்ணாடி வாங்கணும்க்கா" என்பேன். நாங்கள் ஊரில் இல்லாதபோது எங்கள் வாசலில் மெல்லிசுக் கோலம் இருக்கும். ஊரிலிருந்து திரும்பி ஆட்டோவில் வந்து இறங்கும்போது அதைத்தான் முதலில் பார்ப்பேன். வீடு நம்மை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது என்று தோன்றும்.

என் மாமியார் போளூரில் என் கணவரின் அண்ணன் வீட்டில் இருந்தார். ஒரு நாள் காலை அங்கிருந்து போன் வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார். நான் கழுத்துச் சங்கிலியையும் வளையல்களையும் கழற்றிப் பீரோவில் வைத்தேன். தாலிச் சரடு மட்டும் உடம்பில் இருந்தது. சாவு வீட்டுக்கு நகை பூட்டிக்கொண்டு போகிற வழக்கம் எங்களில் இல்லை. அழுதுகொண்டே பூட்டி, அழுதுகொண்டே தெருவைக் கடந்து, அக்காவின் கையில் சாவியை வைத்தேன். அவளுக்கும் என் மாமியாரைத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்தால் அக்காவின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்.

"நீ போடி. காரியம் முடிஞ்சி வர்ற வரைக்கும் இத்த பத்தியே நெனைக்காத. நான் பாத்துக்கறேன்" என்றாள். என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

என் கணவரின் அண்ணனுக்கு எதையும் பெரிதாகச் செய்ய வேண்டும். அம்மாவின் படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார். ஆள் உயரப் போஸ்டர். கீழே மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லாருடைய பெயரும். என் கணவர் பெயருக்குப் பக்கத்தில் 'பட்டு ஜவுளி, ஆரணி' என்று போட்டு, எங்கள் தெருப் பெயரையும் போட்டிருந்தார். காரியம் எந்தத் தேதியில், போளூரில் எந்த வீட்டில் என்றும் இருந்தது. போளூரில் ஒட்டியதோடு விட்டாரா என்றால் இல்லை. ஆரணியில் இருக்கிற வியாபாரிகளுக்கும் தெரிய வேண்டுமாம். ஆள் அனுப்பி ஆரணி பஸ் நிலையத்திலும் எங்கள் தெருமுனையிலும் ஒட்ட வைத்தார். அந்த நேரத்தில் எனக்கும் அது தவறாகப் படவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். மாமியாருக்கு ஆரணியிலும் போஸ்டர் ஒட்டினார்கள் என்று பெருமையாகக்கூட இருந்தது. பட்டு வியாபாரி வீட்டில் இந்தத் தேதி வரைக்கும் யாரும் இருக்க மாட்டார்கள் என்று படம் போட்டு அறிவித்துவிட்டு நாங்கள் நிம்மதியாக அழுதுகொண்டிருந்தோம்.

காரியத்துக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. ஒரு நாள் காலையில் அக்கா போன் செய்தாள். அவள் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை.

"துளசிக்குத் தண்ணி ஊத்தலாம்னு வந்தேன்டி. பீரோ தொறந்து கெடக்குது. துணியெல்லாம் கீழ கெடக்குது. நான் ஒண்ணுத்தையும் தொடல. ஜல்தி வாங்க."

என் கணவரும் நானும் அவருடைய அண்ணனும் காரில் வந்தோம். மாடிப்படிக் கதவின் தாழ்ப்பாள் வளைந்து தொங்கியது. வாசல் பூட்டு அப்படியே இருந்தது. சங்கிலி இல்லை, வளையல்கள் இல்லை, மகனின் நிச்சயதார்த்தத்துக்கு வாங்கிய மோதிரம் இல்லை. புடவைகளில் அசல் ஜரிகை போட்டதெல்லாம் போயிருந்தது. கலப்பு ஜரிகைப் புடவைகளை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதைப் பார்த்ததும், புகார் கேட்டு வந்திருந்த இன்ஸ்பெக்டர், "பட்டு தெரிஞ்ச ஆளு" என்றார்.

அடுத்த கேள்வி, சாவி யாரிடம் இருந்தது.

அக்கா எங்கள் வாசற்படியில்தான் நின்றிருந்தாள். அவள் தானாகவே, "என்கிட்டதான் சார்" என்றாள். அந்த இடத்தில்தான் என் கணவரின் அண்ணன் வாயைத் திறந்தார்.

"இவங்க ஊருக்குப் போனா இந்தம்மாதான் தெனமும் கோலம் போடும் சார். இந்த தபா மட்டும் ஏன் போடலன்னு கேளுங்க. நேத்து முந்தாநேத்துகூட போடலயாம், போஸ்டர் ஒட்ன பையன் சொன்னான்."

இன்ஸ்பெக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா போடல?"

"சாவுத் தீட்டு சார். தீட்டு வூட்டு வாசல்ல எப்படி சார் கோலம் போடுவாங்க?"

"தீட்டு அவங்களுக்குத்தான. நீ போடலாம் இல்ல?"

"நான் போடலாம் சார். வாசல் அவங்களுது ஆச்சே."

இதைவிட நேராக ஒரு பதிலை நான் இன்றுவரை கேட்டதில்லை. மாமியார் செத்த வீட்டு வாசலில் கோலம் விழக் கூடாது என்று அவள் எங்களுக்காகத் தீட்டுக் காத்திருக்கிறாள். தினமும் தண்ணீர் மட்டும் தெளித்துவிட்டுப் போயிருக்கிறாள். எங்கள் சாவுக்கு அவள் கொடுத்த மரியாதை அது. அந்த வெறும் வாசல்தான் திருடனுக்கு வழி சொல்லியது. இப்போது அதே வெறும் வாசலை அவள் தலையில் கட்டினார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் தெரியாது. "ஆரணியில பட்டு தெரியாதவங்க யார் சார் இருக்காங்க? அப்படின்னா ஊரையே புடிச்சி உள்ள வைங்க" என்று கத்தினேன். என் கணவர் கையைப் பிடித்து, "நீ சும்மா இரு" என்றார். நான் சும்மா இருக்கவில்லை. அவர் அண்ணனைப் பார்த்து, "வூட்ல ஆளு இல்லன்னு தெருவுக்குத் தெரு போஸ்டர் ஒட்டினது நீங்க. அக்காவ கேக்கறீங்களா?" என்றேன். மாமியாரின் காரியம்கூட முடியாத நிலையில் வீட்டுப் பெரியவரைப் போலீஸ்காரர் எதிரில் கை நீட்டிப் பேசினவள் என்று எங்கள் சொந்தத்தில் எனக்கு இன்னும் பெயர் இருக்கிறது. இருக்கட்டும். அன்றைக்கு இன்னும் நாலு வார்த்தை பேசாமல் விட்டோமே என்றுதான் எனக்கு வருத்தம். பேசியிருந்தாலும் நடக்கிறது நடந்திருக்கும்.

அக்கா வீட்டைச் சோதனை போட்டார்கள். அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தெரு பார்க்கத் திறந்தார்கள். மகளின் துணிமணிகளை உதறினார்கள். தறிக் குழிக்குள் ஒரு போலீஸ்காரர் டார்ச்சோடு இறங்கினார். இறங்கும்போது பிடிமானத்துக்குத் தறியில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலைப் பிடித்தார் போலிருக்கிறது, ஒரு பக்கமாக இழைகள் அறுந்துவிட்டன. தெருவே வாசலில் நின்று பார்த்தது. எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காது என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் அங்கிருந்து நகரவில்லை.

அந்த வாரம் அக்கா மகளைப் பெண் பார்க்கச் செய்யாறிலிருந்து வருவதாக இருந்தார்கள். 'அப்புறம் பாக்கலாம்' என்று அன்றைக்கே போனில் சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை.

சாயங்காலம் அக்கா தெருவைக் கடந்து வந்தாள். எப்போதும் நேராகச் சமையலறைக்கு வருகிறவள் வாசற்படிக்கு வெளியில் நின்றாள். உள்ளங்கையில் எங்கள் சாவி இருந்தது.

"இந்தாங்க" என்றாள்.

அவள் என்னை 'ங்க' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அக்கா, நான் உன்ன ஒரு நிமிசம் கூட..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ங்க. நீங்க நெனைக்கல. கத்துனீங்களே, தெருவே கேட்டுகினுதான் இருந்துச்சி." அவள் அழவில்லை. "எனக்குப் பொண்ணு இருக்குது. இனிமே அடுத்தவங்க வூட்டுச் சாவி எனக்கு வேணாம்."

சாவியை என் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் போய், தறியில் உட்கார்ந்து அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிந்துகொண்டிருந்தாள். என் வாசலில் நின்று பார்த்தால் அவள் குனிந்த தலை தெரிந்தது. இருட்டும் வரை அவள் நிமிரவே இல்லை. எனக்கு நகை போனதற்கு அழுகை வரவில்லை, அதற்கு வந்தது.

அதற்குப் பிறகுதான் இரும்பு வர ஆரம்பித்தது. என் கணவர் முதலில் கேட் போட்டார். பிறகு கிரில். பிறகு பெங்களூரில் வேலை பார்க்கிற மகன் வந்து கேமராவும் அலாரமும் மாட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து எனக்கு இரண்டு மாமியார். ஒன்று போட்டோவில், இன்னொன்று பெங்களூரில் மொபைலோடு. "அம்மா, பால் பாக்கெட் ஏன் இன்னும் எடுக்கல?" "அம்மா, கேட்ட ஒழுங்கா சாத்தல பாரு." என் கணவரோ ஒவ்வொரு பூட்டையும் பூட்டிவிட்டு அதில் தொங்கிப் பார்ப்பார். பத்தடி போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் தொங்குவார். "பூட்டு ஒடையறதுன்னா திருடனால ஒடையாது, உங்களாலதான் ஒடையும்" என்பேன்.

ஒரு நாள் மத்தியானம் பூனை ஒன்று கிரிலில் ஏறப்போய் அலாரம் அலறியது. முதல் தடவை என்பதால் எனக்கு அதை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. சமையலறையிலிருந்து ஓடி வந்து பார்த்தால், தெருவில் எனக்கு முன்னாலேயே அக்கா நின்றுகொண்டிருந்தாள். தறியிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள், கையில் ஒரு தடி. நான் பூனையைக் காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் திறந்து ஏதோ சொல்லக்கூட வந்தாள். அப்புறம்தான் ஞாபகம் வந்தவள் மாதிரி முகம் மாறி, "ஒண்ணும் இல்லீங்களே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சில மாதங்கள் கழித்துத் திருடர்களைப் பிடித்தார்கள். வேறு ஊரில் வேறு வீட்டில் மாட்டினார்கள். அடையாளம் பார்க்க வரச் சொல்லி என் கணவரைக் கூப்பிட்டார்கள். அவர்களில் ஒருவன் 'பழைய பட்டுப் பொடவை வாங்கறது, ஜரிகை வாங்கறது' என்று எங்கள் தெருவில் கூவிக்கொண்டு போகிறவன். ஜரிகையை உரசிப் பார்த்தே அசலா கலப்பா என்று சொல்லிவிடுவான். நானே அவனுக்கு ஒரு முறை குடிக்கத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். தெருமுனைப் போஸ்டரைப் பார்த்தானாம். பிறகு ஒவ்வொரு நாள் காலையும் கூவிக்கொண்டே தெருவில் போய்க் கோலம் போடாத வாசலைப் பார்த்தானாம். தெரு முழுக்கக் கோலம் இருக்கிறது, ஒரு வாசலில் மட்டும் இல்லை. வீட்டு நம்பர் யாரையும் கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்றானாம்.

புடவைகளில் சில திரும்பி வந்தன. நகை உருக்கப்பட்டிருந்தது. என் கணவர் ஸ்டேஷனிலிருந்து வந்து சொன்னதும் நான் செருப்புகூடப் போடாமல் எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, புடிச்சிட்டாங்கக்கா! அந்தப் பழைய புடவைக்காரன்!"

அவள் ஓடிக்கொண்டிருந்த தறி நாடாவை நிறுத்தினாள். "நல்லதுங்க. பொருள் கெடச்சுதா?"

நான் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து நீட்டினேன். அதற்காகவே கொண்டுபோயிருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். தொடவில்லை.

"வேணாங்க" என்றாள். "கோவம் இல்ல. பேஜாரா இருக்குது, அவ்ளோதான்."

என் கணவரும் ஒரு தட்டில் பழம், பூ வைத்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டார். உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த மரியாதைதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அவர் அண்ணன் இன்றுவரை வரவில்லை.

அதன் பிறகு பெங்களூருக்குக் கிளம்பும்போதெல்லாம் சாவியோடு தெருவைக் கடந்து போவேன். ஒவ்வொரு தடவையும் அவள், "போயிட்டு வாங்க" என்பாள். சாவியை வாங்க மாட்டாள். வாசல் கோலத்துக்கு என்ன செய்வது என்று என் கணவர் யோசித்து, கடைத்தெருவிலிருந்து ஸ்டிக்கர் கோலம் ஒன்று வாங்கி வந்து படியில் ஒட்டினார். தாமரையும் மயிலும் பளபளவென்று, வருஷம் முழுக்க ஒரே கோலம். "திருடன் ஏமாந்துடுவான் பாரு" என்றார். திருடன் என்ன, கீரைக்காரம்மாவே ஏமாறவில்லை. அக்கா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. முன்பு என்றால் தெருவே சிரிக்கிற மாதிரி ஏதாவது சொல்லியிருப்பாள்.

வருஷங்கள் போயின. அக்கா மகளுக்குச் செய்யாறிலேயே வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. அக்கா தனியாளானாள். எங்களுக்குள் சண்டை என்று யாரும் சொல்ல முடியாது. பொங்கலுக்குப் பொங்கல் கொடுத்துக்கொண்டோம். காய்ச்சல் என்றால் கஞ்சி கொடுத்தனுப்பினோம். ஆனால் அவள் என் சமையலறைக்கு வரவில்லை. எதிர்வாசலில் நின்று என் கோலத்தைக் கேலி செய்ய ஆள் இல்லாமல் நானும் ஏனோதானோவென்று நாலு கோடு இழுத்துவிட்டு உள்ளே வருவேன்.

போன வருஷம் அவளுக்கு உடம்பு இளைக்க ஆரம்பித்தது. சாப்பாடு இறங்கவில்லை. தறிச் சத்தம் நின்று நின்று கேட்டது. ஒரு நாள் காலை மகள் ஆட்டோவோடு வந்தாள், வேலூருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக. நான் வாசலில் நின்றிருந்தேன். அக்கா ஆட்டோவில் ஏறப்போனவள் ஏறவில்லை. மகள் கையை விட்டுவிட்டுத் தெருவைக் கடந்து வந்தாள். அந்தக் குறுகல் தெருவைக் கடப்பதற்கு நடுவில் ஒரு முறை நிற்க வேண்டியிருந்தது. கேட்டுக்கு வெளியில் நின்று கையை நீட்டினாள். கையில் அவள் வீட்டுச் சாவி.

"கோலம் போடுடி" என்றாள். "நான் இல்லன்னு தெரியக் கூடாது. கொசுவர்த்தி மாதிரி போடாத, மெல்லிசா போடு."

நான் கேட்டைத் திறக்கப்போனேன். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று கண்ணீரில் தெரியவில்லை. "வுடு, வுடு, வந்து பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிவிட்டாள். கம்பிகளின் இடைவெளி வழியாகத்தான் அந்தச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து இரண்டு வாசல். முதலில் அவளுடையது, பிறகு என்னுடையது. அவள் வாசலில் என் கோலத்தைப் போட மாட்டேன். அவள் கை போடுகிற கோலத்தைத்தான் போட வேண்டும். மாவை விரலிடுக்கில் கொஞ்சமாக விட்டு விட்டு இழுத்துப் பழகினேன். மொட்டை மாடியில் யாரும் பார்க்காதபோது சிமெண்டுத் தரையில் போட்டுப் போட்டு அழித்தேன். இந்த வயதில் எனக்குக் கை திருந்தியது. பால்காரர், "அக்கா ஊருக்குப் போச்சுன்னாங்களே, வந்துடுச்சா?" என்று கேட்டார். ஒரு நாள் அடுத்த தெருப் பெண் ஒருத்தி அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு அக்கா வீட்டில் இருக்கிறாள் என்று நம்பிக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றாள். நான் போய் விஷயம் சொன்னேன். "கோலம் அவங்க போட்ட மாதிரியே இருக்குதே" என்றாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம். வேலூருக்குப் போன் செய்து அக்காவிடம் சொன்னேன். அவளால் அதிகம் பேச முடியவில்லை. "பாத்தியா, வருது இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

அவள் திரும்பி வந்ததும் என் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த முறை வாங்கிக்கொள்வாள். எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அன்று காலை அவள் வாசலில் கோலத்தை முடித்துவிட்டு நிமிரும்போது போன் வந்தது. மகள்தான். அழுதாள். வண்டி வேலூரிலிருந்து கிளம்பிவிட்டது என்று சொன்னாள். பிறகு, "வாசல்ல கோலம் போட்டிருந்தீங்கன்னா அழிச்சிடுங்க சித்தி" என்றாள்.

கோலம் இன்னும் ஈரத் தரையில் பளிச்சென்று இருந்தது. அது வரைக்கும் நான் போட்டதிலேயே நல்ல கோலம் அதுதான். ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினேன். துடைப்பத்தால் தள்ளினேன். மாவு வெள்ளையாகக் கரைந்து சாக்கடையில் இறங்கியது. வண்டி வருவதற்குள் அவள் வீட்டைத் திறந்து, தறிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி, விளக்கு ஏற்றி வைத்தேன். அவள் கொடுத்த சாவிக்கு நான் செய்த வேலை அதுவாக இருந்தது.

எடுத்துக்கொண்டு போன பிறகு தெருவில் மற்றவர்கள் அவரவர் வாசலைக் கழுவிவிட்டார்கள். மறுநாள் எல்லா வாசலிலும் கோலம் வந்துவிட்டது. எங்களுக்குத் தீட்டு இல்லை. நானும் போட்டிருக்கலாம். போடவில்லை. தண்ணீர் மட்டும் தெளித்தேன். படியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கோலத்தைக் காய் நறுக்கும் கத்தியால் சுரண்டி எடுத்தேன். மயிலின் கழுத்து மட்டும் வருவேனா என்றது. என் கணவர் பார்த்துக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து மண்ணெண்ணெய் நனைத்த துணி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

இரண்டு மூன்று நாட்களில் மகன் போன் செய்தான்.

"அம்மா, ரெண்டு நாளா கேமராவுல பாக்கறேன். வாசல்ல கோலமே இல்ல. ஸ்டிக்கரையும் காணோம். ஆளு இல்லாத வூடு மாதிரி கெடக்குது. எவனாவது பாத்தான்னா?"

"பாத்துட்டுப் போறான்" என்றேன்.

"என்னம்மா பேசற? மறுபடியும் திருடன் வந்தா?"

"வரட்டும்டா. உங்க பெரியம்மாவுக்குக் காரியம் முடியற வரைக்கும் நான் போட மாட்டேன்."

"சரிம்மா" என்றான். அவனுக்கு முதுகு தேய்த்துக் குளிப்பாட்டியவள்தான் அவள்.

காரியம் முடிந்தது. மகள் வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடமே நீட்டினாள். "உங்ககிட்டயே இருக்கட்டும் சித்தி. அம்மா உங்ககிட்டதான குடுத்துச்சி" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் பெங்களூருக்குக் கிளம்பினோம். என் கணவர் மரக்கதவைப் பூட்டினார், கிரிலைப் பூட்டினார், கேட்டைப் பூட்டினார், எல்லாவற்றிலும் தொங்கிப் பார்த்தார். சாவிக்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றப் போனார். நான் பழக்கத்தில் தெருவைக் கடந்துவிட்டேன். அவள் வாசற்படியில் ஏறி, கதவைத் தட்டக் கையைத் தூக்கின பிறகுதான் அதில் தொங்குகிற பூட்டைப் பார்த்தேன். அதன் சாவியும் என் கையில் இருந்த கொத்திலேயே இருந்தது.